பத்து மாத அட்வான்ஸ்: வாடகைச் சட்டத்தின் கைக்கு எட்டாத பணம்

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த உரையாடல் மனப்பாடம். கேட்டில் ‘டு-லெட்’ போர்டு தொங்கும். மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்ப்பார். “வாடகை பதினைஞ்சு, அட்வான்ஸ் ஒன்றரை.” அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மாதம் 15,000 ரூபாய், கையில் 1,50,000. பத்து மாத வாடகையை முன்னதாகவே எண்ணி வைத்துவிட வேண்டும். பேரம் பேசத் தெரிந்தவர்கள் ஆறு மாதத்துக்கு இறக்குவார்கள். புரோக்கர் வழியாக வந்திருந்தால் அவருக்கு ஒரு மாத வாடகை தனி.

இப்போது நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் இந்த முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று எல்லை வைத்திருக்கிறது. அதற்கு முன்பிருந்த சட்டம் இன்னும் கறார்: ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றது. இரண்டு சட்டங்களையும் தாண்டி பத்து மாதம் பத்து மாதமாகவே நிற்கிறது. வீட்டுக்காரர்களின் பேராசை என்று இதை முடித்துவிடலாம்; பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு ஊரே சேர்ந்து மீறும் விதி என்றால், அந்த விதியிலேயே ஏதோ இடிக்கிறது என்று பொருள்.

வாடகைக் கட்டுப்பாடு நமக்குப் போர்க்காலத்தில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நகரங்களில் வீட்டுக்குத் தட்டுப்பாடு. 1941-இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் சென்னை மாகாண அரசு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்றைப் போட்டது. போர் முடிந்தது, ஆணை முடியவில்லை. 1946-இல் அது சட்டமானது, 1949-இல் இன்னொரு சட்டம், கடைசியாக 1960-இல் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். தற்காலிகமாகப் போட்ட பந்தல் எழுபத்தெட்டு ஆண்டுகள் நின்றது என்று சொல்லலாம்.

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை இன்று படித்தால் வேறொரு உலகம் தெரிகிறது. வீடு காலியானால் வீட்டுக்காரர் ஏழு நாளுக்குள் அரசு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசுக்கு வேண்டுமென்றால் தன் ஊழியருக்காக அந்த வீட்டை எடுத்துக்கொள்ளும். வேண்டாம் என்ற பிறகுதான் அடுத்த ஆளுக்கு விடலாம். தனியார் வீட்டின் சாவிக்கு அரசு முதல் உரிமை கேட்ட காலம் அது.

வாடகை எவ்வளவு என்பதையும் சட்டமே சொன்னது. ‘நியாய வாடகை’ என்று அதற்குப் பெயர். மனையின் சந்தை மதிப்பு, கட்டுமானச் செலவில் தேய்மானம் போக மீதி, வசதிகளின் மதிப்பு எல்லாவற்றையும் கூட்டி, குடியிருப்பு என்றால் ஆண்டுக்கு 9 சதவீதம், கடை, அலுவலகம் என்றால் 12 சதவீதம் என்று கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் அடுத்த பிரிவில் இருந்தது. ஒருமுறை நியாய வாடகை நிர்ணயமாகிவிட்டால், வீட்டுக்காரர் தன் செலவில் ஏதாவது கூடுதலாகக் கட்டினால் ஒழிய, பொதுவாக மேலே ஏற்ற வழியில்லை. விலைவாசி பத்து மடங்கு ஏறினாலும் வாடகை அங்கேயே நிற்கும். பொறியாளர் அறிக்கை, எதிர் அறிக்கை, தேய்மானத்தில் தகராறு, மனை மதிப்பில் தகராறு என்று நியாய வாடகை வழக்குகள் ஆண்டுக்கணக்கில் ஓடின. இதில் வீட்டுக்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம் எளிமையானது: இருப்பவரிடம் வாடகையை ஏற்றுவதைவிட அவரை வெளியேற்றிவிட்டு அடுத்தவரிடம் புது வாடகை கேட்பது மேல்.

வெளியேற்றுவதும் லேசில்லை. ‘எனக்கே வேண்டும்’ என்றால் அதே ஊரில் சொந்தமாக வேறு வீட்டில் இல்லை என்று காட்ட வேண்டும். இருக்கும் இடம் போதவில்லை, குடித்தனம் இருக்கும் பகுதியும் வேண்டும் என்றால், அதனால் வாடகைதாரர் படும் கஷ்டம் பெரிதா, வீட்டுக்காரர் அடையும் நன்மை பெரிதா என்று நீதிமன்றம் தராசில் வைத்துப் பார்க்கும். வாடகை பாக்கி என்றால் வெறும் பாக்கி போதாது. வேண்டுமென்றே வைத்த பாக்கியாக இருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லின் பொருளைத் தேடி வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 1985-இல் சுந்தரம் பிள்ளை வழக்கில் அதற்கென்றே நீண்ட தீர்ப்பு வந்தது. வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர், மேல்முறையீடு, உயர் நீதிமன்றத்தில் சீராய்வு, அதற்கும் மேல் உச்ச நீதிமன்றம் என்று நான்கு படி. ஒவ்வொரு படியிலும் வாய்தா. தாத்தா போட்ட வழக்கைப் பேரன் முடித்த கதைகள் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்ற வராந்தாவில் சாதாரணம்.

மறுபக்கமும் உண்டு. வாடகையை வாங்க மறுத்துவிட்டு, பிறகு ‘பாக்கி’ என்று வழக்குப் போடுவது வீட்டுக்காரர்களின் பழைய தந்திரம். அதற்காகவே சட்டத்தில் ஒரு ஏணி இருந்தது. நேரில் வாங்கவில்லையா, எந்த வங்கியில் கட்டுவது என்று கேட்டு நோட்டீஸ் அனுப்பு. பதில் இல்லையா, மனியார்டர் அனுப்பு, அதற்கான கமிஷனைக்கூட வாடகையில் கழித்துக்கொள். அதுவும் திரும்பி வந்ததா, நீதிமன்றத்தில் கட்டு. திரும்பி வந்த மனியார்டர் துண்டுகளைப் பொக்கிஷம்போல் கட்டி வைத்திருந்த குடித்தனக்காரர்கள் அந்தத் தலைமுறையில் நிறைய.

இங்கேதான் பத்து மாத அட்வான்ஸ் நுழைகிறது. வழக்குப் போட்டால் எத்தனை ஆண்டு என்று தெரியாது. அத்தனை காலமும் வாடகை வருமா என்றும் தெரியாது. ஆகவே வீட்டுக்காரர் நீதிமன்றத்தை நம்பாமல் தனக்குத் தானே ஒரு காப்பீடு எடுத்துக்கொண்டார். பிரீமியத்தைக் கட்டுபவர் மட்டும் வாடகைதாரர். நீதிமன்றத் தாமதத்துக்கு ஊர் போட்ட விலை என்றே பத்து மாத அட்வான்ஸை நான் பார்க்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், சட்டத்துக்கு மீறி வாங்கிய அந்தப் பணமே வாடகைதாரருக்குக் கேடயமாகவும் ஆனது. “என் பணம் இவ்வளவு உங்கள் கையில் இருக்கும்போது நான் பாக்கிக்காரன் எப்படி?” என்று அவர்கள் வாதிட்டார்கள். ஆந்திரச் சட்டத்தின் கீழ் வந்த கூடூர் ஓட்டல் வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றது. பாக்கியைவிட அதிகமான தொகை வீட்டுக்காரர் வசம் இருக்கையில் வாடகைதாரரைத் தவறியவராகக் கொள்ள முடியாது என்பது அதன் சாரம். பாதுகாப்புக்கென்று வாங்கிய பணம் வழக்கில் வீட்டுக்காரரையே திருப்பித் தாக்கியது.

பழைய சட்டம் ஒரே நாளில் சாகவில்லை. நீதிமன்றங்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தன. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேலிருந்தால் குடியிருப்புகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று ஒரு பிரிவு இருந்தது. 400 ரூபாய் வாடகை பணக்காரர் அடையாளமாக இருந்த காலத்து எண். 1986-இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. வாடகைகள் தாறுமாறாக ஏறிவிட்ட நிலையில் அந்த எல்லைக்கோட்டுக்கு அர்த்தமில்லை என்பது காரணம். அது வாடகைதாரருக்குச் சாதகம். ஆனால் பதினோரு ஆண்டு கழித்து, 1997-இல், மும்பை வழக்கொன்றில் காற்று எதிர்ப்பக்கம் திரும்பியது. அங்கே 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை 1940 செப்டம்பர் 1-ஆம் தேதி நிலையிலேயே உறைய வைத்திருந்தது. முன்பு நியாயமாக இருந்தது காலப்போக்கில் தன்னிச்சையானதாகிவிட்டது என்று நீதிமன்றம் சொன்னது. வாடகையால் பராமரிப்புச் செலவுகூட வராததால் மும்பையில் கட்டடங்கள் இடிந்து விழுந்துகொண்டிருந்தன. உள்ளே இருப்பவருக்கு மட்டும் ‘பகடி’ எனப்படும் கொழுத்த கைமாற்றுத் தொகை கொடுத்துக் குடியிருப்பு உரிமை கைமாறியது. ஏற்கெனவே உள்ளே இருப்பவரைக் காத்த சட்டம், வெளியே வீடு தேடி நிற்பவரை மறந்துவிட்டது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன. எல்லாமே வாடகைச் சட்டத்துக்குப் பயந்து பூட்டியவை அல்ல. முதலீட்டுக்கு வாங்கிப் போட்டவையும் வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடுகளும் அதில் சேர்த்தி. ஆனாலும் ‘விட்டால் திரும்பக் கிடைக்காது’ என்ற பயம் ஒரு பங்கு வகித்தது என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. மத்திய அரசு மாதிரிச் சட்டம் எழுதத் தொடங்கியதற்கு இந்த எண் ஒரு தூண்டுகோல். 2015-இல் ஒரு வரைவு வந்தது. தமிழ்நாடு அதை ஒட்டி 2017-இல் தன் சட்டத்தை நிறைவேற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அன்றோடு 1960-ஆம் ஆண்டுச் சட்டம் முடிந்தது.

புதிய சட்டத்தின் மனப்போக்கே வேறு. நியாய வாடகை, 9 சதவீதம், 12 சதவீதம் எல்லாம் போயிற்று. வாடகை எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பது இருவர் ஒப்பந்தத்தின் விஷயம். பதிலுக்கு அரசு ஒன்றைக் கேட்கிறது: எழுதுங்கள், எழுதியதைப் பதியுங்கள். துணை ஆட்சியர் நிலையிலுள்ள ஒருவர் வாடகை அதிகாரியாக இருப்பார், இணையதளத்திலேயே பதியலாம், பதிந்தால் ஒரு எண் கிடைக்கும். தகராறு என்றால் வாடகை நீதிமன்றம், அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயம். இரண்டு மாத வாடகை பாக்கியாகி, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டவில்லையென்றால் வெளியேற்றம் கேட்கலாம். ‘வேண்டுமென்றே’ என்ற அந்தப் பழைய சொல்லுக்கு இனி வேலையில்லை. வாடகைதாரர் பக்கம், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை விரட்டக்கூடாது என்பது தெளிவாக இருக்கிறது. நல்ல சட்டம்தான், படிக்கும்போது.

பதினோரு மாத ஒப்பந்தம் நம் ஊரின் பழைய வழக்கம். பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் கட்டாயம் பதிய வேண்டும். பதினோரு மாதம் என்று எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம். அந்த ஓட்டையைப் புதிய சட்டம் அடைத்தது: எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஊர் என்ன செய்தது? இருபது ரூபாய் முத்திரைத்தாளில் பதினோரு மாதம் என்று எழுதி, இரண்டு கையெழுத்து வாங்கி, அலமாரியில் வைத்துக்கொண்டது. பழைய குடித்தனங்களை எழுதிக்கொள்ளக் கொடுத்த கெடுவை அரசு நீட்டிப் பார்த்தது. அப்படியும் எழுதாத, பதியாத குடித்தனங்களே ஏராளம் என்பதால், அவர்களுக்குள் தகராறு வந்தால் எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதே சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி வழக்காகிவிட்டது.

பதியாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டுமில்லை. பதிந்தால் வாடகை வருமானம் வெளியே தெரியும். உண்மையில் வீட்டு வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தள்ளுபடி செய்த பிறகுதான் வரி. ஒரே வீட்டை விட்டுச் சாப்பிடும் ஓய்வூதியர் பலருக்கு வரியே வராது. ஆனாலும் பயம் பயம்தான். வாடகைதாரருக்கும் பதிவில் உடனடி லாபம் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை காட்டி வீட்டு வாடகைப்படியில் வரிச்சலுகை கேட்பவர், வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கேட்க வேண்டும். கேட்ட அன்றிலிருந்து உறவு கசக்கும். பலர் கேட்பதில்லை.

எழுத்தில் இல்லாத வாடகை எவ்வளவு பலவீனமானது என்பதைக் கொரோனா காட்டியது. 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை ஒரு ஆணை போட்டது: புலம்பெயர்ந்த தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக்கூடாது, தொழிலாளர்களையும் மாணவர்களையும் வெளியேறச் சொல்லும் வீட்டுக்காரர்மீது நடவடிக்கை. யார் எந்த அறையில் எவ்வளவு வாடகைக்கு இருக்கிறார் என்ற பதிவே இல்லாத ஊரில் அந்த ஆணையை யாரிடம் போய்க் காட்டுவது?

சரி, முன்பணத்துக்கு வருவோம். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, மூன்று மாத வாடகைக்கு மேல் பாதுகாப்பு வைப்புத்தொகை வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. செய்தித்தாள்கள் இதைத் தலைப்பாக்கின. ஆனால் அந்த வாக்கியம் தொடங்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும்: இதற்கு மாறான ஒப்பந்தம் இருந்தாலொழிய, என்று ஆரம்பிக்கிறது. அதாவது இருவரும் பத்து மாதம் என்று எழுதிக்கொண்டால் பத்து மாதம். பூட்டையும் போட்டு, சாவியையும் அதிலேயே தொங்கவிட்டதுபோல. 2021 ஜூன் 2-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரிச் சட்டத்தில் இந்த விலக்கு இல்லை. குடியிருப்புக்கு இரண்டு மாதம், மற்றவற்றுக்கு ஆறு மாதம் என்று நேராகச் சொல்கிறது. அது மாநிலங்களுக்கு வழிகாட்டிதான், கட்டாயமில்லை.

என் மனக்குறை எல்லையின் அளவு பற்றியது மட்டுமில்லை. இரண்டு மாதமா, பத்து மாதமா என்று பேசும் எந்தச் சட்டமும், அந்தப் பணம் இடையில் எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது நம் சட்டம். கழிவு எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்பவர் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்தான். ஐந்து ஆண்டு குடியிருந்த வீட்டுக்குப் புதுப் பெயின்ட் செலவு முழுவதும் குடித்தனக்காரர் தலையில். “இதுதான் இங்க வழக்கம் சார்” என்ற ஒரு வரிக்கு எதிராக எந்தப் பிரிவை எடுத்துக் காட்டினாலும் பயனில்லை. லாரி வாசலில் நிற்கும், குழந்தைக்குப் பள்ளி மாற்ற வேண்டும், பத்தாயிரத்துக்காக யார் வாடகை நீதிமன்றம் போவார்?

இங்கிலாந்தும் வேல்ஸும் இந்தக் கேள்விக்கு 2007 ஏப்ரலில் ஒரு விடை கண்டன. அங்கே வழக்கமான தனியார் வாடகைக்கு வாங்கும் முன்பணத்தை வீட்டுக்காரர் சும்மா பையில் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டமொன்றில் சேர்க்க வேண்டும். கழிவில் தகராறு என்றால் அந்தத் திட்டத்திலேயே நடுவர் தீர்ப்பு உண்டு. சேர்க்கத் தவறினால் வீட்டுக்காரருக்கு அபராதம். முன்பணம் இருவருக்கும் பொதுவான மூன்றாம் கையில் இருக்கும்போது, பெயின்ட் செலவை மெய்ப்பிக்கும் பொறுப்பு கேட்பவர்மீது விழுகிறது.

தமிழ்நாட்டில் முன்பணத்தின் மூத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். தெற்கே ஒத்தி என்பார்கள், வேறு சில ஊர்களில் போக்கியம், சென்னையில் ‘லீசுக்கு வீடு’. ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு, மூன்று ஆண்டு வாடகையில்லாமல் இருப்பது; போகும்போது முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். மாத வருமானம் ஒழுங்காக இல்லாத, ஆனால் நகை விற்றோ ஊர் நிலத்தை விற்றோ ஒரு தொகை கையில் உள்ள குடும்பங்களுக்கு இது வசதி. ஆபத்தும் இதில்தான். அதே வீட்டின்மேல் வங்கியில் கடன் இருந்து, அது வாராக்கடனாகி, 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தில் வங்கி வீட்டை எடுத்துக்கொண்டால், பதியாத ஒத்திக்காரர் கையில் இருபது ரூபாய்ப் பத்திரம் மட்டும் மிஞ்சும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு ஒத்திக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்?

இதே முறை தென்கொரியாவில் ‘ஜொன்சே’ என்ற பெயரில் பெரிய அளவில் இருக்கிறது. அங்கே குடிபுகுந்து முகவரியைப் பதிந்து, ஒப்பந்தத்தில் அரசு அலுவலகத் தேதி முத்திரை வாங்கிவிட்டால், வீடு ஏலம் போனால்கூட அந்தத் தேதிக்குப் பின்னால் கடன் கொடுத்தவர்களுக்கு முன்னால் வாடகைதாரர் பணம் நிற்கும். அப்படியிருந்தும் வீட்டு விலை சரிந்தபோது மோசடிகள் வெடித்து, 2023-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. நம்மிடம் அந்த முத்திரைகூட இல்லை.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒரு கணக்கு. வீட்டைக் காலி செய்பவர் அட்வான்ஸைக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: “அடுத்த பார்ட்டி வரட்டும், வாங்கிக் கொடுத்துடறேன்.” அவர் கையில் அந்தப் பணம் இல்லை. அது மகள் கல்யாணத்திலோ மாடி கட்டுவதிலோ எப்போதோ கரைந்துவிட்டது. போகிறவரின் முன்பணத்தை வருகிறவர் தருகிறார், அவருடையதை அவருக்கடுத்தவர். இந்தச் சங்கிலியின் நடுவில் ‘இன்று முதல் மூன்று மாதம்தான்’ என்று சட்டம் உண்மையாகவே பிடித்தால் என்ன ஆகும்? 15,000 ரூபாய் வாடகை வீட்டில் போகிறவருக்கு 1,50,000 தர வேண்டும். வருகிறவரிடம் 45,000-தான் வாங்க முடியும். மீதி 1,05,000 ரூபாயை ஓய்வூதியத்தில் வாழும் வீட்டுக்காரர் அந்த மாதமே எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். அவர் புரட்டமாட்டார். ‘மாறான ஒப்பந்தம்’ என்ற கதவு அவருக்குத் திறந்திருக்கிறது, வருகிறவரும் பேசாமல் கையெழுத்துப் போடுகிறார். அந்த ஒரு லட்சத்து ஐயாயிரத்தை எத்தனை ஆண்டுகளில், யார் வழியாகக் கரைப்பது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.